உதடு படாத கஞ்சி

வேதகிரி எந்தப் பாத்திரத்திலும் உதடு வைத்துக் குடித்தவரல்ல. செம்போ டம்ளரோ, அண்ணாந்து வாயைத் திறந்து மேலேயிருந்து ஊற்றிக்கொள்வார். ஒரு சொட்டு மோவாயில் வழியாது. உத்திரமேரூர் நெல் மண்டியில் மூட்டை தூக்கிய நாட்களில் டீயைக்கூட அப்படித்தான் குடித்தார். டம்ளரை உள்ளங்கையில் வைத்துப் பார்ப்பார். கை தாங்கினால் தொண்டையும் தாங்கும் என்பது அவர் கணக்கு. எவர்சில்வர் இருந்தவரை அந்தக் கணக்கு ஒரு நாளும் தப்பியதில்லை.

இந்தப் பழக்கம் வந்த வழி அத்தனை சுத்தமானதல்ல. சிறு வயதில் அவர் கழனி வேலைக்குப் போன வீட்டில், தாகம் என்றால் கையைக் குவிக்கச் சொல்லி உயரத்திலிருந்து தண்ணீர் ஊற்றுவார்கள். செம்பு தீட்டாகிவிடுமாம். அதே கை நட்டு, அறுத்து, அடித்துக் கொடுத்த நெல் மட்டும் எந்தத் தீட்டும் இல்லாமல் அந்த வீட்டுக்குள் போய் அடைந்தது. வேதகிரி அதற்காக யாரிடமும் சண்டைக்குப் போகவில்லை. "எவன் சொம்புலயும் நான் வாய் வெக்க மாட்டேன்" என்று அதைத் தன் சட்டமாக எழுதிக்கொண்டார். அவமானமாக வந்தது ஆசாரமாகக் குடியேறிவிட்டது. சொந்த வீட்டில், சொந்தக் காசில் வாங்கிய டம்ளரிலும் அவர் வாய் வைக்கவில்லை.

பக்கவாதம் வந்து இடது கை தொங்கிப்போனது. வாயின் இடது பாதிக்குச் சூடு, குளிர் தெரியாமல் போனது. மனைவி இறந்து வெகு காலமாகிவிட்டது. வீட்டில் மகள் ஏஞ்சல் மட்டும். ஒரகடம் பக்கம் செல்போன் பாகங்கள் பூட்டும் கம்பெனியில் வேலை. அப்பாவுக்காக அவள் போட்ட லீவு நீண்டுகொண்டே போக, வரும் திங்கட்கிழமை வராவிட்டால் வேறு பெண்ணை எடுத்துக்கொள்வோம் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். வேலை நிலைக்க வேண்டுமானால் மதியக் கஞ்சியை வேதகிரி தானே சூடு பண்ணிக் குடிக்க வேண்டும். ஒற்றைக் கையால் ஃப்ளாஸ்க் மூடி திறக்க வரவில்லை. கேஸ் அடுப்பைப் பற்றவைக்கப் போய்த் தோள் துண்டில் தீப்பிடித்தது. பக்கத்து வீட்டு ஜெயம்மா ஒரு குடம் தண்ணீரைத் தலையோடு கவிழ்த்து அணைத்தாள்.

அதனால்தான் மைக்ரோவேவ் அடுப்பு வந்தது.

"இன்னாடி ஏஞ்சலு, டிவி பொட்டி மாரி கீது. படம் தெரியுமா?" என்றாள் ஜெயம்மா.

"தெரியும்க்கா. கஞ்சி சுத்திக்கினே இருக்கும், பாத்துக்கினு ஒக்காரு."

பிறகு அப்பா பக்கம் திரும்பினாள். "நைனா, எவர்சில்வர உள்ள வெச்சிடாத, நெருப்புப் பொறி பறக்கும். இந்தப் பீங்கான் கப்புலதான் ஊத்தணும். லேசா மூடு, அழுத்தி மூடாத. பாதியில நிறுத்தி நல்லாக் கலக்கு. மணி அடிச்சதும் எடுத்துக் குடிக்காத, செத்த நேரம் அப்டியே வுடு. அப்பறம் ஸ்பூன்ல எடுத்து ஒதட்டுல வெச்சிப் பாரு."

எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டு வந்தவர் கடைசியில் நிறுத்தினார். "ஒதட்டுலயா? இத்தினி வருசம் கையாலயே சூடு பாத்தவன்டி நானு."

"மூட்ட தூக்குன கையி, தோலு காச்சிக் கெடக்குது. அதுக்கு நெருப்பே தெரியாது மாமா!" என்றாள் ஜெயம்மா. மூவரும் சிரித்தார்கள். அந்தப் பேச்சு அதோடு போயிற்று.

திங்கட்கிழமை ஏஞ்சல் வேலைக்குப் போனாள். ஜெயம்மா நூறு நாள் வேலைக்குப் போய்விட்டாள். மதியம் வேதகிரி கஞ்சியைக் கப்பில் ஊற்றி உள்ளே வைத்துப் பித்தானை அமுக்கினார். பாதியில் நிறுத்தத்தான் செய்தார். ஆனால் கலக்கப் போனால் கப்பு மேடையில் வழுக்கியது. பிடித்துக்கொள்ள இன்னொரு கை இல்லை. போகிறதென்று கலக்காமலே மறுபடி வைத்தார். மணி அடித்தது. எடுத்தார். கப்பின் பிடி சுடவில்லை. கஞ்சியின் மேலே ஆடை படிந்து ஆவிகூட வரவில்லை. கை தாங்கியது.

அண்ணாந்து ஊற்றிக்கொண்டார்.

முதலில் வந்தது வெதுவெதுப்பான மேல் கஞ்சி. அதன் பின்னாலேயே ஆடைக்கடியில் கொதித்துக்கொண்டிருந்தது மொத்தமாக இறங்கியது. இடது பாதி வாய் ஒன்றும் சொல்லவில்லை. தொண்டைதான் சொன்னது, அதுவும் எல்லாம் முடிந்த பிறகு. வேலை முடிந்து வந்த ஜெயம்மா, அவர் தரையில் உட்கார்ந்து, குரல் வராமல், எச்சில் ஒழுக அழுதுகொண்டிருந்ததைப் பார்த்தாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அதிகம் பேசவில்லை. "அந்த அடுப்பு எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி சூடாக்காது பெரியவரே. மேல ஆறியிருக்கும், உள்ள கொதிக்கும். கலக்கி, ஆறவிட்டு, உணர்ச்சி இருக்கிற வலது பக்க உதட்டுல வெச்சுப் பாத்திருந்தா இவ்வளவு புண்ணு வந்திருக்காது. இனிமே வாய்ல ஊத்தற வேலையே வேணாம், பொறையேறும். ஸ்பூன்தான்."

ஏஞ்சல் மறுபடி லீவு போட்டு, ஆறிய கஞ்சியை உதடு படாமல் ஸ்பூனால் ஊட்டினாள். புண் ஆறி, குரல் பாதி திரும்பிய ஒரு காலையில், போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அன்று போகாவிட்டால் வேலை இல்லை.

"வரலன்னு சொல்லிடப் போறேன் நைனா. உன்ன வுட்டுட்டு எனக்கு அங்க கையே ஓடாது."

வாசலில் நின்ற ஜெயம்மா விடவில்லை. "அவரு தொண்ட வெந்துதுன்னா உன் பொழப்பும் வேவணுமா? இன்னா ஞாயம்டி இது?"

வேதகிரி எழுந்தார். ஈரத்துணியை மடித்து மேடையில் போட்டு, அதன்மேல் கப்பை வைத்துக் கஞ்சி ஊற்றினார். வழுக்கவில்லை. அடுப்புக்குள் வைத்தார், பாதியில் நிறுத்தினார், எடுத்து ஈரத்துணிமேல் வைத்து அடிவரை கலக்கினார், திரும்ப வைத்தார். மணி அடித்த பிறகு எடுக்காமல் நின்றார். ஏஞ்சல் போனைக் காதில் வைக்காமலே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுபடியும் கலக்கிவிட்டு ஸ்பூனை எடுத்தவர், இரண்டு பெண்களையும் பார்த்தார்.

"இன்னா வேடிக்க? அந்தாண்ட திரும்புங்க ரெண்டு பேரும்."

திரும்பினார்கள். அவரும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு உறிஞ்சும் சத்தம், மிகச் சின்னதாக. அந்த வீட்டில் அவர் வாயிலிருந்து அதுவரை யாரும் கேட்டிராத சத்தம்.

"சூடு பதமாக் கீது," என்றார் வேதகிரி, சுவரைப் பார்த்தபடியே. "மதியமும் இப்டித்தான். பஸ்ஸு வந்துரும், கெளம்பு."

ஏஞ்சல் கம்பெனி அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். திரும்பிப் பார்த்தால் அவர் சங்கடப்படுவார் என்று தெரிந்து, பார்க்காமலே ஏரிக்கரை பஸ் நிறுத்தத்துக்கு ஓடினாள்.