செல்வி போர்டில் எழுதிய இரண்டு வாக்கியம்

பொதுத்தேர்வுக்கு முந்தின வாரம். கல்வராயன் மலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் பத்தாம் வகுப்புக்கு நான்தான் இங்கிலீஷ் டீச்சர். வடக்கனந்தலிலிருந்து பஸ்ஸில் மலையேறி வந்து, தொண்டை வறளக் கத்துவேன். பிள்ளைகளுக்கு அட்வெர்ப் என்றாலே அலர்ஜி. 'ஆல்ரெடி', 'ஆல்சோ' எதைக் கொடுத்தாலும் வாக்கியத்தின் கடைசியில் சொருகிவிடுவார்கள். ஹெல்பிங் வெர்புக்கும் மெயின் வெர்புக்கும் நடுவில் வை என்று சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது.

புத்தகத்து வாக்கியம் என்றால் மனப்பாடம் செய்து ஏமாற்றுவார்கள். அதனால் ஒரு கண்டிஷன் போட்டிருந்தேன்: போர்டில் எழுதுவது உங்கள் வீட்டில் நிஜமாக நடப்பதாக இருக்க வேண்டும்.

அன்று செல்வி வந்து எழுதினாள்: 'மை மதர் ஹேஸ் ஆல்ரெடி கான் டு கேரளா. ஐ வில் ஆல்சோ கோ டுமாரோ.'

இரண்டும் அச்சுப் பிசகாமல் இருந்தன. "சபாஷ்! எல்லாரும் கை தட்டுங்க" என்றேன். கைதட்டல் ஓய்ந்த பிறகுதான் அர்த்தம் மண்டையில் ஏறியது. அம்மா கேரளாவுக்குப் போய்விட்டாள், நாளைக்கு நானும் போகிறேன். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"ஏய், நெஜமாவாடி?"

"ஆமா டீச்சர். மொளகு பறிக்க. அப்பா ஜீப்பு சொல்லிட்டாரு."

"அடுத்த வாரம் பப்ளிக் எக்ஸாம்டி!"

"சொன்னேன் டீச்சர். எழுதுனது போதும்னுட்டாரு."

ஆபீஸ் ரூமுக்கு ஓடி அவள் அப்பாவுக்குப் போன் போட்டேன்.

"இன்னா டீச்சர், பாப்பாதான் மூணு பரீட்ச எழுதிடுச்சே. எல்லாத்துலயும் பாசுன்னுச்சு. இன்னும் இன்னாத்துக்கு?"

அடக் கடவுளே! நாங்கள் வைத்த மூன்று ரிவிஷன் டெஸ்டையும் கடைசிப் பரீட்சை என்றே அந்த மனுஷன் நினைத்திருக்கிறார்.

"ஐயோ, அது சும்மா பழக்குறதுக்குங்க. நெஜப் பரீட்ச இனிமேதான். இத எழுதலன்னா பத்தாவது பாசே இல்ல."

அவர் குரல் உயர்ந்தது. "இதுதான் நெஜப் பரீட்சன்னு இத்தினி நாளா ஒருத்தரும் சொல்லலியே! வூட்டப் பூட்டிக்கினு போறோம், புள்ள எங்க தங்கும்?"

"நம்ம ஸ்கூல் ஹாஸ்டல்ல தங்கட்டுங்க. நான் பாத்துக்கறேன்."

"செரிங்க. வுட்டுட்டுப் போறேன்."

அப்பாடா என்று வகுப்புக்குத் திரும்பினேன். பேச்சுக்குத்தான் கேட்டேன்: "வேற யாராவது ஜீப் ஏறப் போறீங்களா?"

கடைசி பெஞ்சு முழுக்கக் கை தூக்கியது.

அன்று சாயங்காலம் வரை ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட்டேன். கத்தினேன், கெஞ்சினேன், சம்மதிக்க வைத்தேன். கடைசி பெஞ்சு முருகனின் அப்பாவுக்கு மட்டும் லைன் கிடைக்கவே இல்லை. மறுநாள் நான் மலையேறி வருவதற்குள் முருகனையும் ஏற்றிக்கொண்டு அவர்கள் ஜீப் கிளம்பிவிட்டது.

புதிதாக வரும் டீச்சர்களே, ரிவிஷன் முடிந்த அன்றே ஒவ்வொரு அப்பா அம்மாவையும் கூப்பிட்டு, இனிமேல்தான் பரீட்சை என்று சொல்லிவிடுங்கள். முருகன் நன்றாகப் படிக்கிற பையன்.