ஆறாவது கட்டம்

பதினோரு வருஷம் முன்பே ஒரு ஆட்டத்தில் நான் ஜெயித்திருக்க வேண்டும். என் அக்காள் புருஷன் விடவில்லை. கார்டைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "மணி அடிச்சாச்சு மாப்ளே, மெஷினுக்குப் போ" என்றார். அதோடு சரி. அந்த வயிற்றெரிச்சல் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

நாங்கள் இருவரும் ஒரே அச்சகம். பூதம், ராட்சசன், சிறகு முளைத்த குதிரை என்று பிள்ளைகள் சேர்க்கிற மாய யுத்தக் கார்டுகள் எங்களிடம்தான் அச்சாகும். படத்துக்குக் கீழே வெள்ளிப் பூச்சுப் போட்ட ஆறு கட்டங்கள். அடிக்கிறவன் எதிராளியின் கார்டில் ஒரு கட்டத்தைச் சுரண்ட வேண்டும். கேடயம் வந்தால் தப்பித்தது. மண்டையோடு வந்தால் செத்தது. எல்லாக் கார்டிலும் ஐந்து கேடயம், ஒரு மண்டையோடு. அது எந்தக் கட்டத்தில் என்பதுதான் தெரியாது.

நான் வெட்டு மெஷினில் நின்றேன். மாமாவுக்குச் சோதிக்கிற வேலை. கட்டுக்கு ஒரு கார்டை உருவி, ஆறு கட்டத்தையும் சுரண்டிப் பார்த்து, சரியாக இருந்தால் கட்டின் மேல் கையெழுத்துப் போடுவார். காசு, சாவி எதையும் தொடமாட்டார். வலது கட்டைவிரல் நகம்தான். அதற்காகவே வளர்த்து, அரம் போட்டுத் தீட்டி வைத்திருந்தார். 'நகத்தார்' என்று சொன்னால்தான் அச்சகத்தில் ஆளைத் தெரியும்.

"உன் வீட்டுக்காரர் தூக்கத்துலயும் சுரண்டுவாரா?" என்று அக்காளைக் கேட்டேன்.

"வந்து பாரேன், போர்வை பூரா ஓட்டை" என்றாள்.

படம் வரைகிறவர் விளையாட்டாக மாமாவின் முகத்தை ஒரு கார்டில் வைத்துவிட்டார். கோட்டை வாசல் காவலன். கறுத்த தாடி, தூக்கிப் பிடித்த ஈட்டி. அந்தக் கார்டோடுதான் ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் என்னுடன் ஆட உட்கார்ந்தார். என் கையில் கடல் நாகம். நான் ஐந்து அடித்தேன், ஐந்தும் கேடயம். அவரும் ஐந்து அடித்தார், ஐந்தும் கேடயம். சுற்றி நின்று கூச்சல் போட்டவர்கள் குனிந்து எட்டிப் பார்த்தார்கள். இரண்டிலும் மிச்சம் ஒரே கட்டம். அடி என்னுடையது. நான் விரலை நீட்டியதும் மாமாவின் முகம் வெளிறிப்போனது. அப்போதுதான் பிடுங்கினார்.

அந்தக் கடைசி அடியைத் தரச்சொல்லிக் கேட்டுக்கொண்டே இருந்தேன். "என் மூஞ்சியைக் கொல்ல உனக்கு என்னடா அவ்வளவு அவசரம்?" என்று சிரித்து மழுப்புவார்.

ஒருமுறை சரக்கு லிஃப்ட் அறுந்து விழுந்தது. உள்ளே இருந்தவர் அவர். தூசியைத் தட்டிக்கொண்டு எழுந்து வந்து, "காவலன் இன்னும் சாகலைல்ல" என்றார்.

அவர் குளிக்கப் போன சமயம் ஒருநாள் அவர் பர்ஸைத் திறந்து அந்தக் கார்டைப் பார்த்தேன். ஆறாவது கட்டத்தின் வெள்ளி நேற்றுப் பூசியது போல மின்னியது. காவலனின் தாடி நரைத்திருந்தது. அச்சு மை வெளுக்கும், எனக்குத் தெரியாததா? ஆனால் தாடியில் மட்டுமா வெளுக்கும்?

போன வருஷம் அவருக்கு நுரையீரல் கெட்டுப்போனது. ஒரு வாரம் தாங்காது என்றார் டாக்டர். மூன்று மாதம் ஆயிற்று. சோறு இறங்கவில்லை, ஒவ்வொரு மூச்சுக்கும் உடம்பு தூக்கிப் போட்டது, உயிர் மட்டும் போகவில்லை. டாக்டர் வருவதை நிறுத்திவிட்டார். அவருக்கே பயம் என்று நினைக்கிறேன்.

ஒரு மத்தியானம் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். அக்காள் அடுப்படியில் இருந்தாள். அவர் கட்டைவிரலில் நகம் விழுந்து, அந்த இடம் மழமழவென்று இருந்தது.

"தலகாணி அடியில இருக்கு, எடு."

எடுத்தேன். தாடி முழுக்க வெள்ளை. காவலன் ஈட்டியைத் தரையில் ஊன்றி அதன்மேல் சாய்ந்திருந்தான்.

"உடம்பு போயிடுச்சு மாப்ளே. நான்தான் போக முடியாம கெடக்கேன்."

"வேண்டாம் மாமா. நான் தோத்துட்டேன்னே வச்சுக்குங்க."

"அது எப்படிடா? அடி உன்னோடது." மூச்சு வாங்கிக்கொண்டு தொடர்ந்தார். "அதுல மண்டையோடு இல்லேன்னா, நான் கையெழுத்துப் போட்ட கட்டு பூரா தப்பு. அதையும் பாத்துட்டுப் போறேன். சுரண்டு. மூலையிலேர்ந்து ஆரம்பி. தூள் படுக்கையில விழாம பாத்துக்க, உங்க அக்கா திட்டுவா."