ஞாயிற்றுக்கிழமை மாத்திரை

காப்புரிமை என்பது அது பதிவு செய்யப்பட்ட நாட்டின் எல்லைக்குள் மட்டுமே செல்லுபடியாகும். இன்னொரு நாட்டில் எடுத்த காப்புரிமையைக் காட்டி இலங்கையில் எவரையும் மறிக்க முடியாது. இதுதான் விதி. தேயிலைத் தோட்டத்தில் பெரிய கிளாக்கராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். ஒரு விதி இருப்பதற்கும் அது நடப்பதற்கும் இடையே எவ்வளவு தூரம் என்பது எனக்குத் தெரியும். அந்தத் தூரத்தில் உட்கார்ந்திருக்கத்தான் எனக்குச் சம்பளம் தந்தார்கள்.

பெல்மதுளைக்கு மேலே, தோட்ட எல்லையை ஒட்டிய ஒரு துண்டுக் காணியில் குடியிருந்தேன். பக்கத்து லயத்தில் பிள்ளை மடுவத்து ஆயம்மா இருந்தார். கொழுந்தெடுக்கப் போகும் பெண்கள் கைக்குழந்தைகளை மடுவத்தில் அவர் பொறுப்பில்தான் விட்டுப் போவார்கள். அவருக்கு வலிப்பு உண்டு. இலவசமாகக் கிடைத்த பழைய மருந்தைச் சாப்பிட்டால் வலிப்பு வராது, விழிப்பும் வராது. தூங்கி வழிகிறவரிடம் யார் பிள்ளையை விடுவார்கள்? கிளினிக் டொக்டர் புதிய மாத்திரை ஒன்றை எழுதிக் கொடுத்தார். அது கேட்டது. ஆனால் பாமசியில் காசுக்குத்தான் வாங்க வேண்டும். கண்டுபிடித்த கம்பெனியைத் தவிர வேறு யாரும் அதை இங்கே விற்காததால், அந்தக் கம்பெனி நினைத்ததே விலை.

இரண்டாயிரமாம் ஆண்டின் கடைசியில், ஒரு திங்கட்கிழமை காலை, ஆயம்மா மடுவத்தில் விழுந்தார். அந்த நேரம் கையில் பிள்ளை இல்லை. இன்னொரு தடவை விழுந்தால் புல்லுவெட்டுக்கு மாற்றம் என்று தோட்டத்துத் துரை சொல்லிவிட்டார். துரையைக் குறை சொல்ல மாட்டேன். நான் வேலையில் இருந்திருந்தால் அந்தக் கடிதத்தை நானேதான் தட்டச்சு செய்திருப்பேன். ஆனால் அந்தப் பெண்மணிக்குச் சொந்தப் பிள்ளை கிடையாது. மடுவத்தை விட்டால் அவருக்கு வேறு உலகமும் கிடையாது.

மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டாரா என்று விசாரித்தேன்.

"வேல நாள்ல ஒரு நாளும் விட்டதில்லைங்கய்யா."

"ஞாயித்துக்கெழம?"

"மடுவம் பூட்டியிருக்கிற நாளுக்கு எதுக்குங்க மாத்தர? பேர் இல்லாத நாளுக்குச் சம்பளம் போடுவாங்களா?"

தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர். பாதி நாள் என்றால் அரைப்பேர். ஆயம்மா விலையுயர்ந்த மாத்திரையையும் செக்ரோல் என்ற பேர்ப் பதிவேட்டுக் கணக்கில் ஓட்டியிருக்கிறார். அரைப்பேர் விழுந்த நாட்களில் மாத்திரையையும் பாதியாக உடைத்திருக்கிறார். அவர் விழுவதற்கு முந்திய சனிக்கிழமை பௌர்ணமிப் போயா விடுமுறை. ஆக, இரண்டு நாள் சேர்ந்தாற்போல் மருந்து இல்லை. நான் சிரிக்கவில்லை. அந்தச் செக்ரோலை எழுதியவன் நான்.

விஷயம் தெரிந்ததும் பிள்ளைகளின் தாய்மார் ஆளுக்கொரு வாரமாக ஞாயிற்றுக்கிழமை மாத்திரையைத் தாங்களே வாங்கித் தருவதாக ஏற்பாடு செய்தார்கள். மரண உதவிச் சங்கத்தில் கேட்கலாமே என்று ஒருத்தி சொல்லியிருக்கிறாள். அதன் யாப்பு விதிகளை வரைந்தவன் நான்தான். உதவி பெற முதல் தகுதி இறந்திருப்பது.

இந்த ஏற்பாடு எத்தனை மாதம் தாங்கும்? சந்தியில் இருந்த பாமசிக்குப் போனேன். அதன் முதலாளி எங்கள் ஆள். சிங்களம் அவருக்குத் தமிழைவிட வேகமாக வரும். இதே மருந்தை வேறு கம்பெனி செய்வதில்லையா என்று கேட்டேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். இந்தியாவில் அந்தக் காலத்தில் மருந்துக்குக் காப்புரிமை கிடையாது, அதைச் செய்யும் முறைக்கு மட்டும்தான் உண்டு. அதனால் அங்கே ஒரு கம்பெனி அதே மருந்தை வேறு முறையில் செய்து பாதி விலைக்கும் குறைவாக விற்றது. அதை இங்கே விற்க மருந்துப் பதிவும் கிடைத்திருந்தது. முதலாளி இரண்டு பெட்டி எடுத்திருக்கிறார். பழைய கம்பெனியின் ஏஜென்ட் உடனே ஒரு அறிவித்தலைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டான்: விற்றால் காப்புரிமை மீறல், வழக்கு. ஆங்கிலத்தில், சிவப்பு முத்திரையுடன். பெட்டிகள் கட்டிலுக்கு அடியில் போய்விட்டன.

அறிவித்தலை வாங்கிப் படித்தேன். எந்தச் சட்டம் என்று இல்லை, எந்தப் பிரிவு என்றும் இல்லை. ஒரு காப்புரிமை இலக்கம் மட்டும் இருந்தது. அதன் முன்னால் இருந்த இரண்டு எழுத்துகள் வேறொரு நாட்டுக்குரியவை. பிரிவு இலக்கம் இல்லாத அறிவித்தல் சட்டமல்ல, அது ஒருவருடைய ஆசை என்று முதலாளியிடம் சொன்னேன்.

"ஆசையோ என்னமோ, கோட்டுக்கு இழுத்தா நான்தானே போகணும், கிளாக்கரய்யா. மறியல்ல என்னப் பூட்டினா சோத்துப் பார்சல் நீங்க கொண்டாருவீங்களா?"

"போயா நாள்ல மட்டும்."

"அப்பக் கொழும்புலேருந்து ஒரு கடுதாசி வாங்கிக் குடுங்க. சீல் வச்சிருக்கணும். அன்னைக்கே தட்டுல அடுக்கிறேன்."

நியாயமான கோரிக்கை. முத்திரைக்கு முத்திரைதான் மருந்து.

இந்த மருந்துக்கு இலங்கையில் காப்புரிமை பதிவாகியுள்ளதா, விண்ணப்பமாவது இருக்கிறதா என்று கொழும்பிலுள்ள காப்புரிமை அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் எழுதினேன். தேடுதலுக்கான படிவத்தை நிரப்பி, கட்டணத்துடன் அனுப்பும்படி பதில் வந்தது. அனுப்பினேன். பிறகு மௌனம். நினைவூட்டல் எழுதினேன், இன்னொன்றும் எழுதினேன். மூன்றாவதின் அடியில் 'பிரதி: கௌரவ அமைச்சர்' என்று அடித்தேன். அமைச்சருக்கு எதையும் அனுப்பவில்லை. அந்த வரியை அடிப்பதோடு நடைமுறை முடிகிறது.

ஆயம்மா மாலையில் வேலி ஓரமாக வந்து நிற்பார். கடுதாசி வந்ததா என்று கேட்க மாட்டார். இன்றைக்கு எந்தப் பிள்ளைக்குப் பல் முளைத்தது என்று சொல்லிவிட்டுப் போவார். அந்த மாதங்களில் அவர் ஒரு தடவையும் விழவில்லை.

கடைசியில் வந்த பதில் இரண்டே வாக்கியம். அந்த மருந்துக்கு இந்த நாட்டில் காப்புரிமை இல்லை; அதற்கான விண்ணப்பமும் இல்லை. கம்பெனி இங்கே பதிவதற்கு மெனக்கெடவேயில்லை. நாம் பயப்படுவதே போதும் என்று நினைத்திருக்கிறார்கள். முதலாளி சொன்ன சொல் தவறாமல் அன்றைக்கே பெட்டிகளைத் தட்டில் அடுக்கினார். கொடகவெலயிலிருந்து ஒரு பாமசிக்காரர் வந்து கடிதத்தைப் பிரதி எடுத்துக்கொண்டு போனார். சில மாதங்களில் பழைய கம்பெனியின் ஏஜென்ட் தானாகவே விலையைக் குறைத்துக்கொண்டு வந்து நின்றான். யாரும் அவனைக் கேட்கவில்லை. ஆயம்மா இந்திய மாத்திரையை ஏழு நாளும் முழுதாகச் சாப்பிட்டு, வயது வந்து ஓய்வுபெறும்வரை மடுவத்திலேயே இருந்தார்.

அந்தக் கொழும்புக் கடிதத்தின் தலைப்பில் இருப்பது ஜூன் மாதத் திகதி. கையொப்பம், முத்திரை, தபால் பை என்று ஒவ்வொரு மேசையாக இளைப்பாறிய பின், தபால்காரர் என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு அதைக் கொடுத்தது 2001 ஓகஸ்ட் 14, செவ்வாய்க்கிழமை.