இரண்டாவது கியரில் குளுவாங் வரை

குளுவாங் டவுனுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் நாங்கள் இருந்தபோது எங்கள் வீட்டுக்கு ஒரு கார் வந்தது. மாற்றலாகிப் போன வாத்தியார் ஒருவர் அப்பாவிடம் தள்ளிவிட்டுப் போன கார். நாங்களும் அதைத் தள்ளிக்கொண்டுதான் வீடு வந்து சேர்ந்தோம்.

சின்னக் கார். அதற்குத் தனியாக டிக்கி கிடையாது. முதுகுப் பக்கம் முழுவதும் ஒரே கதவாக மேலே தூக்கிக்கொள்ளும். தூக்கினால் நிற்க வேண்டுமல்லவா? எங்களுடையது நிற்காது, தலையில் விழும். அதற்கு, தோளில் பால்வாளி சுமக்கும் காண்டாக் கம்பை முட்டுக் கொடுத்தோம். மூடினால் பூட்டிக்கொள்ளாது. அதற்கு உள்ளே ஒரு கயிறு கட்டி, ஒரு ஆள் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்து இழுத்துப் பிடித்துக்கொண்டே வர வேண்டும். அந்த ஆள் நான். சின்னப் பிள்ளையான எனக்கு அது பெரிய பதவி.

மற்ற வியாதிகளுக்கும் அப்பா வீட்டிலேயே வைத்தியம் பார்த்தார். கண்ணாடி தானாக இறங்கிவிடும், பழைய சிலிப்பரை வெட்டி ஆப்பு வைத்தார். தண்ணீர்க் குழாய் வெடித்தது, சைக்கிள் டியூப்பைக் கிழித்துச் சுற்றினார். காலடியில் தகரம் துருப்பிடித்து ரோடு தெரிந்தது, பிஸ்கட் டின் மூடியைத் தட்டி அடைத்தார். ஞாயிற்றுக்கிழமையானால் அப்பாவின் கால்கள் மட்டும்தான் காருக்கு வெளியே தெரியும்.

பக்கத்திலேயே பெரியப்பா நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். அவர் அப்பாவின் அண்ணன், அடுத்த வீடு. சொந்தமாகக் கார் வைத்திருந்ததில்லை. அதனால் எல்லாக் கார்களைப் பற்றியும் அவருக்கு அபிப்பிராயம் இருந்தது. ஒருமுறை பெட்ரோல் டாங்கி ஒழுகியது.

"நாம எறக்குறதே ரப்பரு. ஒட்டுறதுக்குக் கடையில போயி பசை வாங்குவாங்களா?" என்று சொல்லி, ஒரு மங்கு ரப்பர் பாலைக் கொண்டுவந்து பூசி உறையவிட்டார்.

பெட்ரோல் ரப்பரைக் கரைத்துவிடும் என்று அவருக்குத் தெரியாது. மறுநாள் காலையில் அது மூக்குச்சளி மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. அப்பா சத்தமில்லாமல் அதைச் சுரண்டிப் போட்டுவிட்டு, துணி துவைக்கும் சவுக்காரக் கட்டியைப் பிசைந்து அப்பினார். ஒழுக்கு நின்றது.

"பாத்தியாடா, என் பாலு புடிச்சிக்கிச்சு" என்றார் பெரியப்பா.

"ஆமாண்ணே" என்றார் அப்பா. அண்ணனை எதிர்த்து அவர் ஒரு சொல் பேசி நான் கேட்டதில்லை.

ஸ்டார்ட்டர் மட்டும் அப்பாவின் கைக்கு அடங்கவில்லை. சாவியைத் திருகினால் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஆகவே தள்ள வேண்டும். எங்கள் வீடு மேட்டின்மேல். அங்கிருந்து ஆம்பிளைகள் தள்ளுவார்கள். புடவை கட்டியவள் தள்ளினால் தடுக்கி விழுவாள் என்று பெரியப்பா தீர்ப்புச் சொன்னதால், ஸ்டியரிங்குக்கு முன்னால் அம்மா உட்காருவார். இரண்டாவது கியரை அப்பாவே போட்டுவைத்துவிடுவார். கார் உருளும்போது கிளட்ச்சை விட வேண்டும், எஞ்சின் பிடித்ததும் திரும்ப மிதித்து, ஆக்சிலரேட்டரை அழுத்திக் கொஞ்சம் எண்ணெய் கொடுத்து, மேட்டின் அடியில் தோட்டத்து ஆபீஸ் வாசலில் நிறுத்த வேண்டும். அப்பா ஓடிவந்து ஏறிக்கொள்வார், அம்மா இறங்கிவிடுவார். ஆபீஸ் வாசலுக்கு அந்தப் பக்கம் அம்மா ஓட்டியதே இல்லை. கியர்க் கம்பியைத் தொட்டதும் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் அக்கா இடைநிலைப் பள்ளியில் ஐந்தாம் படிவம் முடித்திருந்தாள். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் அவ்வளவு தூரம் படித்த முதல் பெண் அவள்தான். தாதிப் பயிற்சிக்கு எழுதிப் போட்டாள். ஜொகூர் பாருவுக்கு நேர்காணலுக்கு வரச்சொல்லிக் கூப்பிட்டும் விட்டார்கள். பெரியப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. ராத்திரி வேலை, கண்ட ஆளையும் தொட்டுத் தூக்கற வேலை என்றார். அவர் ஏற்கெனவே ஒரு மாப்பிள்ளையைப் பார்த்துவைத்திருந்தார். அப்பா, "குளுவாங் பஸ் ஸ்டேஷன்ல கொண்டுபோய் விட்டுடுறேன், பாப்போம்" என்று மட்டும் சொன்னார்.

அன்றைக்குப் பார்த்து இரவெல்லாம் மழை. விடிந்ததும் காரைத் தள்ளினோம். பிடிக்கவில்லை. அப்பா பிளக்கைக் கழற்றித் துடைத்து, அடுப்பில் காயவைத்து மாட்டினார். மறுபடியும் தள்ளினோம். இருமியது, செத்தது. காலை பஸ்ஸை விட்டால் நேரத்துக்குப் போய்ச்சேர முடியாது. அக்கா இஸ்திரி போட்ட சட்டை கசங்காமல் முன்சீட்டில் நேராக உட்கார்ந்திருந்தாள்.

பெரியப்பா கையை உதறினார். "போதும்டா தம்பி. போவ வேணாம்னு சாமியே சொல்லுது. நாளைக்கு நான் மாப்பிள்ளை வீட்டுக்கு ஆள் அனுப்பறேன்."

அப்பா அழுக்குத் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைக்க ஒன்றும் இல்லை, ஆனாலும் துடைத்தார்.

"இன்னும் ஒரே ஒரு தடவை தள்ளுங்க, மாமா" என்றார் அம்மா. பெரியப்பாவை அம்மா அப்படித்தான் கூப்பிடுவார், அதுவும் முகத்தைப் பார்க்காமல்.

தள்ளினார்கள். மேட்டிலிருந்து கார் உருண்டது. அம்மா கிளட்ச்சை விட்டார். நான்கு குதி குதித்து எஞ்சின் உறுமியது. நான் கயிற்றைப் பிடித்தபடி பின்கண்ணாடி வழியாக அப்பா ஓடிவருவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆபீஸ் வாசல் வந்தது. ஆபீஸ் வாசல் போனது. அப்பா சின்னதாகிக்கொண்டே போனார்.

"அலமாக்! நிறுத்து புள்ள! பிரேக்க மிதி!" என்று பெரியப்பா கத்தியது கேட்டது. அப்புறம் அவர் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றது மட்டும் தெரிந்தது.

"ம்மா, அப்பா ஏறலம்மா" என்றேன்.

"கயித்த விட்டுறாத" என்றார் அம்மா.

பெரிய ரோட்டுச் சந்தியில் ஒரு மரலாரி வந்தது. அம்மா காரை நிறுத்தி அதைப் போகவிட்டார். பிறகு ஜன்னல் வழியாகக் கையை நீட்டிக் காட்டி, அப்பா செய்கிற மாதிரியே திரும்பினார். கார் தவளை மாதிரி எம்பி எம்பிக் குதித்தது, ஆனால் சாகவில்லை. அதன்பின் குளுவாங் வரைக்கும் இரண்டாவது கியர்தான். எஞ்சின் அழுத அழுகையில் ரோட்டோரத்துக் கோழிகள் எல்லாம் பறந்தன. எங்களுக்குப் பின்னால் வரிசையாக ஹாரன் அடித்தார்கள். சைக்கிளில் போன ஒரு சீனத் தாத்தா எங்களைப் பார்த்துச் சிரித்துக் கையாட்டினார். நானும் ஒரு கையால் ஆட்டினேன்.

அக்கா டாஷ்போர்டை இறுகப் பிடித்துக்கொண்டு, "மெதுவாம்மா, மெதுவாம்மா" என்றாள்.

"மெதுவாத்தாண்டி போறேன். சத்தந்தான் வேகமாப் போவுது."

பஸ் ஸ்டேஷனில் பஸ் புறப்பட்டு நகரவே ஆரம்பித்துவிட்டது. அம்மா காரைக் குறுக்கே கொண்டுபோய் அதன் மூக்குக்கு முன்னால் நிறுத்தினார். டிரைவர் தலையை நீட்டி மலாயில் என்னென்னவோ திட்டினார். அதற்குள் அக்கா இறங்கி ஓடி ஏறிவிட்டாள். எங்கள் கார் உஸ்ஸென்று ஆவி விட்டுக்கொண்டு அடங்கியது. பஸ் எங்களைச் சுற்றிக்கொண்டு போனது.

தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியின் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து அப்பா வந்து சேர்ந்தார். ஒரு காலில் செருப்பு இல்லை. அம்மா கார்க்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நான் என்ன பண்றது? அதுபாட்டுக்கு இழுத்துக்கிட்டு வந்துருச்சு" என்றார் தரையைப் பார்த்து.

"பஸ்ஸு?"

"போயிருச்சு. உள்ள உங்க மவ இருக்கா."

அப்பா காருக்குள் குனிந்து பிரேக்கைக் கையால் அழுத்திப் பார்த்தார். இன்னொரு தரமும் அழுத்தினார். பிறகு நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார். அதற்குப் பிறகு கிராணியிடம் திரும்பி, "பிரேக்கு சுத்தமாப் போச்சுங்க. அதான் நிறுத்த முடியல, பாவம்" என்றார். எஞ்சின் ஆறியதும் தண்ணீர் ஊற்றி, கிராணியும் அப்பாவும் தள்ள, அம்மா கிளட்ச்சை விட, அப்பா ஏறி ஓட்ட, அதே காரில் மூவரும் வீட்டுக்கு வந்தோம்.

பெரியப்பா வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "பொம்பள கையில வண்டியக் குடுத்தா இப்படித்தான். நிறுத்தச் சொன்ன எடத்துல நிறுத்தத் தெரியல."

"இல்லண்ணே, பிரேக்கு போச்சு. அவ என்ன செய்வா?"

பிரேக் போனதற்கு யாரைத் திட்டுவது? பெரியப்பா அன்று காரை மட்டும் திட்டினார். கொஞ்ச நாளில் அக்காவுக்குப் பயிற்சியில் இடம் கிடைத்ததாகச் சேதி வந்தபோது, அதுவும் சாமி செயல் என்று அவரே சொன்னார்.

குளுவாங் போய்வந்ததற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பா காருக்கு அடியில் படுத்து நாள் முழுக்க பிரேக்கைக் கழற்றி மாட்டினார். பெரியப்பா நாற்காலியில் உட்கார்ந்து யோசனை சொன்னார். நான் பக்கத்தில் குந்தி, கேட்ட ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தேன். அம்மா எங்களுக்குத் தேத்தண்ணி கொண்டுவந்தார். அப்பாவின் குவளையை மட்டும் தரையில் வைக்காமல், அவர் கை நீட்டும்வரை குனிந்து பிடித்துக்கொண்டே நின்றார். மரலாரிக்காகச் சந்தியில் நின்ற கார்தானே இது என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அதற்குப் பிறகு அந்த பிரேக் ஒரு நாளும் தகராறு செய்யவில்லை. அப்பா கை பட்டால் எதுவும் சரியாகிவிடும் என்று பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.