யன்னல் வைச்ச மதில்

என்னைப் பொம்பிளை பாக்க மாப்பிளை வீட்டாரைச் சீனத் தோட்டத்துக்கு வரச்சொல்லுவம் எண்டு யோசிச்சது என்ரை மச்சாள், அண்ணையின்ரை மனுசி. இங்கை கனடாவிலை கோயிலிலை வைச்சால் ஸ்காபரோ முழுக்கத் தெரிஞ்சிடும். கோப்பிக்கடையிலை மேசைக்கு மேசை எங்கடை சனம். "அந்தத் தோட்டத்துக்கு ஒரு தமிழரும் வராயினம்" எண்டா. முந்தி ரெண்டு இடம் பேசிச் சரிவராமல் போனது. உலைவாயை மூடினாலும் ஊர்வாயை மூட ஏலாதாம். அதாலை நாற்பத்தொரு வயசிலை என்னை ஒளிச்சுக் கொண்டுபோய்க் காட்ட வேண்டிக் கிடந்தது.

நான் மாட்டன் எண்டு சொல்லேல்லை. ரூஜ் பக்கம் அண்ணை வீட்டுப் பேஸ்மென்றிலை இருந்து இருந்து, மேலை நடக்கிற சத்தத்தை வைச்சே ஆர் எங்கை போகினம் எண்டு சொல்லுவன். மச்சாள் போனிலை கதைக்கிறது சொல்லுக்குச் சொல்லுக் கேக்கும். எனக்கெண்டு ஒரு குசினி வேணும். பின்னேரம் வந்து "சாப்பிட்டியோ" எண்டு கேக்க ஒரு ஆள் வேணும். இப்ப பேசின இந்த மனிசன் போனிலை கதைச்சபோது நல்லாச் சிரிச்சார். அந்தச் சிரிப்பை நம்பி விடியவே எழும்பி றோல்ஸ் பொரிச்சன், விசரி!

தோட்டம் யூனியன்வில் தாண்டி, ஒரு பெரிய பிளாசாவுக்குப் பின்னாலை. வடிவுதான், இல்லையெண்டு சொல்லேலாது. வெள்ளை மதில், வட்ட வாசல், குளத்துக்கு மேலை கோணல்மாணலாய் ஒரு பாலம். மதிலிலை வரிசையாய்ச் சித்திர யன்னலுகள். எல்லாத்தையும் ஒரேயடியாய்க் காட்டக்கூடாது, மறைச்சு மறைச்சுத்தான் காட்டவேணும் எண்டு வாசல் பலகையிலை எழுதிக் கிடந்தது. உதைச் சொல்லித்தர எங்கடை ஆக்களுக்குச் சீனர் தேவையில்லை. மச்சாள் மாப்பிளை வீட்டுக்கு அனுப்பின என்ரை படம் தன்ரை தங்கச்சியின்ரை கலியாணத்திலை எடுத்தது. அப்ப எனக்கு முப்பத்திரண்டு.

அண்ணையும் மச்சாளும் குளத்தடி மண்டபத்திலை இருந்தவை. எனக்கு இருப்புக் கொள்ளேல்லை. பாலத்தாலை நடந்து மதிலடிக்கு வந்தன். ஒரு யன்னலுக்கு அங்காலை தமிழ் கேட்டுது. போனிலை கேட்ட அதே குரல், அந்த மனிசன்; கூட அவரின்ரை தமக்கை. நான் பாலத்தாலை வாறதை உந்த யன்னலுக்குள்ளாலை பாத்திட்டினம், கிட்ட வந்திட்டன் எண்டு தெரியாது.

"படத்திலை இருந்த ஆளே இது? உனக்கு அக்கா மாதிரியெல்லோ கிடக்கு" எண்டு தமக்கை சொன்னா.

அவருக்கு நாற்பத்தாறு. முன்மண்டை வழுக்கை. நான் ஏதும் குறை சொன்னனானோ? வந்தது வந்திட்டம், ஒருக்காக் கதைச்சிட்டுப் போவம் எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம். "சரி, வாங்கோ அக்கா, போவம்" எண்டார். அந்தக் குரலிலை சிரிப்பு இல்லை.

நான் மண்டபத்துக்குத் திரும்பி வர அண்ணையின்ரை போன் அடிச்சுது. கதைச்சு முடிச்சிட்டு, "பாவங்கள், கார் ஸ்டார்ட் ஆகேல்லையாம். அஜின்கோர்ட்டிலை வீட்டு வாசலிலையே நிக்கினமாம். வேறை ஒரு நாளைக்குப் பாப்பமாம்" எண்டார். மச்சாள் றோல்ஸ் பெட்டியைத் திறந்தா.

எனக்குக் கோவம் உச்சந்தலைக்கு ஏறிச்சுது. என்ரை காருக்குப் போய், ட்ரங்கைத் திறந்து, குளிரிலை பற்றரி செத்தால் காரை ஸ்டார்ட் பண்ணவெண்டு வாங்கி வைச்ச பூஸ்டர் கேபிளை எடுத்தன். அவையின்ரை கார் பார்க்கிங்கிலைதான் நிண்டுது, எஞ்சின் ஓடிக்கொண்டு. கண்ணாடியிலை தட்டினன். அவர் இறக்கினார்.

"தம்பி, கார் ஸ்டார்ட் ஆகேல்லையாமே. அக்கா கேபிள் கொண்டுவந்திருக்கிறன்."

தமக்கை தன்ரை மடியைப் பாத்தா. மனிசன்ரை முகம் செத்துப்போச்சு. கண்ணாடியை ஏத்திக்கொண்டு காரை எடுத்தார். நான் கேபிளோடை அங்கையே நிண்டன். சொல்லி முடிக்கேக்கை நெஞ்சு குளிர்ந்தது உண்மை. கார் சிக்னல் தாண்ட முதல் கண்ணீர் வந்ததும் உண்மை.

அண்ணையிட்டை ஒண்டும் சொல்லேல்லை. வீட்டை வந்து படியிறங்கிக் கதவைச் சாத்தினன். மேலை மச்சாள் குசினிக்கும் ஹோலுக்குமாய் நடக்கிற சத்தம். பேந்து போனிலை அவவின்ரை குரல்.

"ஓம் அன்ரி, நல்ல பிள்ளை. படம் இப்பவே அனுப்பிவிடுறன்."

அதே படம்தான்.