இரண்டாம் முறை கேட்காத ஊர்

இந்த ஊரில் யாரும் இரண்டாம் முறை கேட்பதில்லை. இங்கிலாந்தின் வடக்கே, மழை விட்டு மழை பெய்யும் ஒரு நகரத்தில் செவிலியர் கல்விப் பேராசிரியையாக இருக்கிறேன். என் அறையை அடுத்து சின்னதாக ஒரு சமையலறை. காலையில் யாராவது கெட்டிலைத் தட்டிவிட்டு, என் கதவில் தலையை நீட்டி "டீ?" என்பார்கள். இத்தனை வருடம் கழித்தும் என் வாய் முந்திக்கொண்டு "பரவாயில்லை, இருக்கட்டும்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிடும். கேட்டவர் சிரித்துவிட்டுப் போய்விடுவார். அவ்வளவுதான். சற்று நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் கரண்டி கலக்கும் சத்தம் கேட்கும். நான் தொண்டை காய்ந்து உட்கார்ந்திருப்பேன். வெட்கத்தை விட்டு எழுந்து போய் நானே போட்டுக்கொள்வதும் உண்டு. "வேண்டாம் என்றாயே" என்று அவர்கள் பார்க்கிற பார்வை இருக்கிறதே, அதற்குத் தொண்டை காய்வதே மேல்.

ஊரிலிருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. எங்கள் மல்லசமுத்திரத்துப் பக்கம் ஒரு வீட்டுக்குப் போய் உட்கார்ந்தால், "காப்பி குடிக்கறீங்களா?" என்பார்கள். "இருக்கட்டுமுங்க, இப்பத்தான் குடிச்சேன்" என்போம். குடித்திருக்கவே மாட்டோம். அது அவர்களுக்கும் தெரியும். "அட, ஒரு வாய் குடிங்க" என்பார்கள். "எதுக்குங்க சிரமம்" என்போம். மூன்றாம் தடவை பேச்சே கிடையாது, டம்ளர் கைக்கு வந்துவிடும். முதல் தடவையே "குடுங்க" என்று கையை நீட்டினால், காணாததைக் கண்ட மாதிரி நீட்டுகிறாள் பார் என்று அன்று சாயங்காலத்துக்குள் தெருவே பேசும். ஒரு தடவை மட்டும் கேட்டுவிட்டு நிறுத்திக்கொள்கிற வீடோ, அதற்கப்புறம் நாம் வாசல் மிதிக்காத வீடு.

இந்த இரண்டு ஊருக்கும் நடுவில்தான் என் பிழைப்பே நடக்கிறது. நான் சொல்லிக்கொடுக்கும் பாடத்துக்கு இங்கே 'கல்ச்சுரல் காம்பிடென்ஸ்' என்று பெயர். எந்த ஊர்க்காரர், எந்த மதத்துக்காரர், எந்தப் பேச்சுக்காரர் படுக்கையில் வந்து படுத்தாலும் அவருக்கு மரியாதை குறையாமல், வைத்தியம் குறையாமல் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும் என்பதுதான் அதன் சாரம். நான் பொறுப்பேற்ற புதிதில் அது ஒரு மணி நேரப் பாடமாக இருந்தது. இந்துக்கள் இதைச் சாப்பிடமாட்டார்கள், முஸ்லிம்களுக்கு அதைக் கொடுக்காதே, சீனர்களிடம் இப்படிப் பேசு என்று அஞ்சறைப் பெட்டியில் போட்டு வைத்த மாதிரி ஆளாளுக்கு ஒரு கட்டம். எனக்கு வந்ததே கோபம்! சேலத்து அரசு மருத்துவமனை வார்டில் நான் படித்த படிப்பு வேறு. திருச்செங்கோட்டுப் பக்கத்து அம்மாவிடம் "சாப்பிட்டீங்களா" என்று மூன்று தரம் கேட்காவிட்டால் முகம் வாடிவிடும். பக்கத்துக் கட்டிலில் வாழப்பாடிக்கார அக்காவிடம் இரண்டாம் தரம் கேட்டால், "வேணாம்னுதானே சொன்னேன், காதுல விழலையா?" என்று எரிந்து விழுவார். ஒரே வார்டுக்குள்ளேயே இந்தக் கதி என்றால், ஒரு தேசத்தையே ஒரு கட்டத்துக்குள் அடைப்பது எப்படி? அந்தக் கட்டங்களைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பாடத்தை முதலிலிருந்து எழுதினேன். இன்று மூன்று வருடப் படிப்பு முழுக்க அது ஓடுகிறது. பெருமையாகத்தான் சொல்கிறேன். பெருமைப்படாமல் என்ன செய்வது?

முதல் வாரம் வகுப்புக்கு ஒரு டப்பா முறுக்கு கொண்டுபோவேன். ஒவ்வொருவரிடமும் நீட்டுவேன். வேண்டாம் என்பவரிடம் திரும்பவும் நீட்டுவேன், அப்புறம் இன்னொரு தரமும் நீட்டுவேன். சிலர் சிரித்து எடுத்துக்கொள்வார்கள், சிலர் முறைப்பார்கள். ரேச்சல் என்று செம்பட்டை முடிக்காரி ஒருத்தி, மூன்றாம் தரம் நீட்டியபோது எழுந்தே விட்டாள். "நான் வேண்டாம் என்று சொன்னேன். ஒருவர் வேண்டாம் என்றால் அது வேண்டாம்தான். இதைத்தானே நேற்று வேறொரு வகுப்பில் படித்தோம்?" என்றாள். அவள் கேட்டது நியாயம். நோயாளியின் உடம்பு நோயாளியுடையது. அவர் சம்மதிக்காமல் ஒரு மாத்திரைகூடக் கொடுக்கக் கூடாது. "சரி, அப்படியானால் மரியாதைக்காக வேண்டாம் என்பவரை என்ன செய்வாய்?" என்று திருப்பிக் கேட்டேன். பதிலையும் நானே சொன்னேன்: "அதே கேள்வியை அழுத்திக் கேட்காதே. வேறு கேள்வி கேள்" என்று சொல்லிவிட்டு டப்பாவை மூடினேன். சொல்வதற்கு நன்றாகத்தான் இருந்தது. என்ன வேறு கேள்வி என்று அன்றைக்கு யாராவது கேட்டிருந்தால் நானும் திருதிருவென்று விழித்திருப்பேன்.

போன வருடம் அம்மா வந்தாள். மரவள்ளிக் காட்டைச் சித்தப்பாவிடம் ஒப்படைத்துவிட்டு, இந்த ஊர்க் குளிருக்கு ஆகாது என்று எத்தனை சொல்லியும் கேளாமல் பருத்திச் சேலையோடு விமானத்திலிருந்து இறங்கினாள். என் அம்மாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நான் நர்ஸ் படிப்புக்குச் சேலம் போகிறேன் என்றபோது சொந்தபந்தமெல்லாம் வீட்டுக்கு வந்துவிட்டது. "ஊசி போடற வேலைக்கா உடறீங்க? நாளைக்கு எவன் கட்டுவான்?" என்று ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டார்கள். அம்மாதான் எழுந்து, "நாளைக்கு உங்க ஊட்டுல ஒருத்தருக்கு நெஞ்சு வலின்னா என்ற புள்ளையத்தானுங்க தேடி வருவீங்க. அப்ப பேசிக்கலாம்" என்றாள். வந்தார்கள். ஒருவர் விடாமல் வந்தார்கள். அம்மா அத்தனை பேருக்கும் காப்பி கொடுத்தாள், மூன்று தரம் கேட்டுத்தான் கொடுத்தாள்.

அவள் வந்த மறுமாதம், வாசல் படியில் உறைபனி வழுக்கி இடுப்பெலும்பு முறிந்தது. நான் மாணவர்களைப் பயிற்சிக்கு அனுப்புகிற அதே மருத்துவமனையில் அறுவை சிகிச்சை நடந்தது. நல்லபடியாக முடிந்தது. ஆனால் எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும், இந்த வயதில் இடுப்பு அறுவை முடிந்தால் மறுநாளே எழுந்து நிற்க வேண்டும். படுத்தே கிடந்தால் நெஞ்சில் சளி கட்டும், காலில் ரத்தம் உறையும், பிறகு எழவே முடியாமல் போகும். வலி அடங்கினால்தான் நிற்க முடியும். வலிக்கு வழக்கமாகக் கொடுக்கிற மாத்திரை போதவில்லை. அதற்கு மேல் மருந்து என்றால் நோயாளியைக் கேட்டுத்தான் கொடுக்க முடியும். எங்கள் அம்மாவோ வேண்டாம் என்றாள்.

வார்டு செவிலி வேறு யாருமில்லை, ரேச்சல்தான். படிப்பு முடித்து அங்கே வேலைக்குச் சேர்ந்திருந்தாள். குடும்பத்தார் மொழிபெயர்க்கக் கூடாது என்பது விதி. நானே அதை வருடக்கணக்காகக் கத்திக் கத்திச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அதனால் தொலைபேசியில் ஒரு மொழிபெயர்ப்பாளரை அழைத்தார்கள். யாழ்ப்பாணத்துக்காரர், தன்மையான குரல். "அம்மா, நோவுக்கு மருந்து தரட்டோ எண்டு கேக்கினம்" என்றார். அவர் பேச்சு வேறு, எங்கள் பேச்சு வேறு. ஆனாலும் அம்மாவுக்கு முழுக்கப் புரிந்தது.

"இருக்கட்டுமுங்க. நல்லாத்தான் இருக்கறனுங்க. அவிங்களுக்கு எதுக்குச் சிரமம்?"

அவர் அட்சரம் பிசகாமல் அதை ஆங்கிலத்தில் சொன்னார். ரேச்சல் தலையாட்டி, மறுத்துவிட்டார் என்று பதிந்துகொண்டாள். அம்மாவின் கை கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தது. ரேச்சல் போனதும், "வலிக்குதுன்னு சொல்லு, வாங்கிக்கம்மா" என்று கெஞ்சினேன்.

"ஒரு பேச்சுக்குக் கேக்கறாங்க சாமி. ஒடனே கையை நீட்டுனா, டீச்சரம்மாவோட ஆத்தா இப்படிப் பறக்குதேன்னு நெனைக்க மாட்டாங்களா? உன்ற மானம் என்னாவறது? வேணும்னா அவிங்களே இன்னொருக்கா கேப்பாங்க, பேசாம இரு."

கேட்கமாட்டார்களே! அதுதானே இந்த ஊர்! வெளியே ஓடிப்போய் ரேச்சலிடம், "அவர் மரியாதைக்காக மறுக்கிறார். வலி இருக்கிறது" என்றேன். அவள் சங்கடத்தோடு என்னைப் பார்த்தாள். "புரோஃபசர், அவர் தெளிவாக இருக்கிறார், வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். மகளோ மகனோ நோயாளிக்குப் பதிலாகச் சம்மதம் சொல்லக் கூடாது என்று நீங்கள்தானே சொல்லிக்கொடுத்தீர்கள்?" ஆமாம், நான்தான் சொல்லிக்கொடுத்தேன். என் சொந்தப் பாடமே என்னைக் கதவுக்கு வெளியே நிறுத்திவிட்டது. அன்று பிசியோதெரபிஸ்ட் வந்து அம்மாவை நிமிர்த்தப் பார்த்தார். பாதி எழுந்தவள் முகம் வெளுத்து, சத்தம் போடாமல் அப்படியே சாய்ந்தாள். நாளைக்குப் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். அந்த நாளைக்கு என்ற சொல் எவ்வளவு ஆபத்தானது என்று அந்த வார்டிலேயே அதிகம் தெரிந்தவள் நான்தான்.

மறுநாள் மதியச் சாப்பாடு முடிந்ததும் ரேச்சல் தொலைபேசியோடு வந்தாள். அன்றைக்கு நின்றபடி கேட்கவில்லை, நாற்காலியை இழுத்துப் போட்டு அம்மாவின் முகத்துக்கு நேராக உட்கார்ந்தாள். என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. மாத்திரையைப் பற்றிப் பேச்சையே எடுக்கவில்லை. "உங்கள் வீட்டில், உங்கள் மகளுக்கு இப்படி எலும்பு முறிந்து படுத்திருந்தால், மருந்து வேண்டுமா என்று எப்படிக் கேட்பீர்கள்?" என்றாள். யாழ்ப்பாணத்துக்காரர் அதைத் தமிழில் சொன்னார்.

அம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "கேக்கறதா? ஊட்டு மனுசங்கிட்ட எவ கேப்பா? கையில குடுத்து, முழுங்கு சாமின்னு சொல்லுவேன்."

"அப்படியானால், நானும் உங்கள் வீட்டு மனுஷி மாதிரி கையில் கொடுக்கலாமா? பிடிக்கவில்லை என்றால் இப்போதே சொல்லுங்கள், எடுத்துக்கொண்டு போய்விடுகிறேன்."

அம்மா சிரித்துவிட்டாள். கீழே விழுந்த நாளிலிருந்து அவள் சிரித்து நான் பார்க்கவில்லை. "இந்தப் புள்ள வெவரமானவ. செரி, கொண்டா சாமி" என்றாள். மொழிபெயர்ப்பாளர் ஒரு நிமிடம் தடுமாறி, "சம்மதிக்கிறார். உங்களைக் கடவுளே என்றும் அழைக்கிறார்" என்று சொல்லிவைத்தார். ரேச்சல் கழுத்து வரைக்கும் சிவந்துபோனாள். எங்கள் ஊரில் பால்குடிப் பிள்ளையையும் சாமி என்றுதான் கூப்பிடுவோம் என்று நான் விளக்கவில்லை. அன்றைக்கு அவளுக்கு அந்தப் பட்டம் தகும் என்றே எனக்குப் பட்டது.

மாத்திரை வேலை செய்ததும் பிசியோதெரபிஸ்ட் வந்தார். அம்மா வாக்கரைப் பிடித்து நின்றாள், கால் எடுத்து வைத்தாள், ஜன்னல் வரைக்கும் போனாள். கட்டிலுக்குத் திரும்பியதும் முதல் வேலையாக ரேச்சலிடம் திராட்சைக் கிண்ணத்தை நீட்டினாள். "நோ, நோ" என்றாள் ரேச்சல். மறுபடி நீட்டினாள். மறுபடியும் நோ. மூன்றாம் தரம் நீட்டியபோது ரேச்சல் என்னைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன். பட்டம் வாங்கியபோதும், பேராசிரியை என்று கதவில் பெயர் எழுதியபோதும் வராத அழுகை அது. என் பாடத்தில் நான் எழுதாமல் விட்ட அந்த வேறு கேள்வியை என் மாணவி கண்டுபிடித்துவிட்டாள். இப்போது முதல் வார வகுப்பில் அந்தக் கேள்வியை ரேச்சலே வந்து சொல்லிக்கொடுக்கிறாள். முறுக்கு மட்டும் என் கையால்.

வசந்தம் பிறந்ததும் அம்மா ஊருக்குக் கிளம்பினாள். கைத்தடியோடு நன்றாகவே நடந்தாள். விமான நிலையத்தில் ஒரு பையன் சக்கர நாற்காலியைக் காட்டி வேண்டுமா என்றான். "இருக்கட்டுமுங்க" என்று ஆரம்பித்தவள் சட்டென்று நாக்கைக் கடித்து, "இல்லீங்க, வேணும், கொண்டாங்க" என்றாள். அவனுக்கு என்ன புரிந்ததோ, கொண்டுவந்தான். "ஒருக்காத்தான கேப்பாங்க இந்த ஊருல. பொழைக்கத் தெரியோணுமில்ல" என்று என்னைப் பார்த்து ஜம்பமாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

உள்ளே போகிற இடம் வந்தது. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "சம்பாதிச்சது போதும் சாமி. சேலத்துலயே சொல்லிக் குடுக்கப் புள்ளைங்க இல்லையா? ஊருக்கே வந்துர்றயா?"

"இருக்கட்டும்மா, பார்க்கலாம்" என்றேன்.

அவள் தலையாட்டினாள். "செரி" என்றாள். என் கையை ஒரு தரம் தட்டிக்கொடுத்தாள், பையன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனான். கண்ணாடிக் கதவு மூடிக்கொண்டது. நான் அங்கேயே நின்றிருந்தேன், அம்மா இன்னொருக்கா கேட்பாள் என்று.