நோராவின் அறையும் எங்கள் சுக்குக் காபியும்

அயர்லாந்தில் நான் படித்த கல்லூரியில், படிப்பை முடிக்கிறவர்களை வேலையில் சேர்த்துவிடுவதற்கென்றே ஒரு அறை இருக்கிறது. உள்ளே நோரா என்றொரு பெண்மணி. மேசையில் கிண்ணம் நிறைய சாக்லேட். போய் உட்கார்ந்தால் தேநீர் கொடுத்து, "நேற்றைய நேர்காணல் எப்படிப் போனது?" என்று அக்கறையாக விசாரிப்பார். அதற்கு ஒரு சம்பளம் வேறு! முதல் நாள் அதைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷம் வரவில்லை, வயிறுதான் எரிந்தது. இந்த ஊர்ப் பிள்ளைகளெல்லாம் வரம் வாங்கிக்கொண்டு பிறந்தவர்களா என்ன?

திருவண்ணாமலைக் கல்லூரியில் எங்களுக்கு வாய்த்தவர் ஒரு பயிற்சி சார். கடைசி வருடம் எங்களை வரிசையாக நிற்கவைத்து, 'உன்னைப் பற்றிச் சொல்' என்றால் அப்பா பெயர், அப்பா தொழில், கூடப் பிறந்தவர்கள், சொந்த ஊர் என்று ஒப்பிக்கச் சொல்லிக்கொடுத்தார். என் ரெஸ்யூமைப் பார்த்து ஒரு வரியை அடித்தார். "கடையெல்லாம் எதுக்கும்மா போடற? கேவலமா நெனப்பாங்க. மார்க்கு ஜாஸ்தியா இருக்குல்ல, அது போதும்." அவர் அடித்தது, அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையோரம் இருக்கும் எங்கள் சுக்குக் காபிக் கடையை. பள்ளிக்கூட நாளிலிருந்து பௌர்ணமிக்குப் பௌர்ணமி அதை நடத்தியவள் நான்தான். மழை வருமா, மறுநாள் லீவா, கூட்டம் கம்மியா ஜாஸ்தியா என்று பார்த்து, சுக்கும் வெல்லமும் கப்பும் எவ்வளவு வாங்கலாம் என்று முடிவு செய்ததும் நான்தான். சார் அடித்ததும் நானும் அதை மறந்தேன்.

நோரா முதன்முதலில் "உன்னைப் பற்றிச் சொல்" என்றபோது, "என் அப்பா விவசாயி, அம்மா இல்லத்தரசி, ஒரு அண்ணன், சொந்த ஊர் திருவண்ணாமலை" என்று மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்பாவுக்கும் சேர்த்தா வேலை தேடுகிறோம்?" என்றார். கிண்டலில்லை, நிஜமாகவே கேட்டார்.

படிப்பு முடிந்தபின் இங்கே தங்க அனுமதித்த காலமோ கரைந்துகொண்டிருந்தது. அதற்குள் வேலை கிடைக்காவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். அப்போது பார்த்து, என்னோடு படித்த எம்மாவுக்கு வேலை ஆகிவிட்டது. அவள் ரெஸ்யூமை வாங்கிப் பார்த்தேன். முதல் வரியே, ஒரு கோடை விடுமுறையில் கடற்கரையில் ஐஸ்கிரீம் விற்றது! எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. நேரே நோராவிடம் போய்க் கொட்டினேன். "ஒரு கோடை ஐஸ்கிரீம் விற்றவளுக்கு வேலை. மலையைச் சுற்ற ஊரே திரண்டு வரும் கூட்டத்துக்கு வருடக்கணக்காகக் காபி கொடுத்தவளுக்கு ஒன்றுமில்லையா?"

நோரா நிமிர்ந்து உட்கார்ந்தார். "இதை ஏன் இத்தனை நாள் என்னிடம் சொல்லவில்லை?"

"கடை வேலை. சொன்னால் கேவலம்."

"யாருக்குக் கேவலம்?" என்று கேட்டார்.

அடுத்த நேர்காணலில் அப்பாவை விட்டுவிட்டுக் கடையைப் பற்றிப் பேசினேன். கடைகளுக்கு மளிகைச் சரக்கு அனுப்பும் நிறுவனம் அது. மழை பெய்த ஒரு பௌர்ணமிக்கு எப்படிச் சமாளித்தேன் என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தார்கள். வேலை கிடைத்துவிட்டது. எந்தக் கடைக்கு எவ்வளவு சரக்கு போகவேண்டும் என்று முன்கூட்டியே சொல்வதுதான் இப்போது என் பிழைப்பு.

அத்தோடு என் பொறாமை அடங்கியிருக்கலாம். அடங்குமா? ஆள்தான் மாறியது. நான் கிளம்பிய பிறகு கல்யாணமாகி வந்த தேவகி அண்ணிதான் இப்போது கடையைப் பார்க்கிறார். எம்.காம். படித்தவர். அம்மா போனில், "தேவகி வந்தப்புறம் ஒரு கப்பு கூட வீணாவறதில்லடி. உன்ன விட ஜோரா பாத்துக்கறா" என்கிறாள். பெற்ற தாய் சொல்கிற பேச்சா இது!

போன வாரம் அண்ணியே கூப்பிட்டார். "சுகன்யா, வேங்கிக்கால்ல ஒரு ஆபீஸ்ல ஆள் எடுக்கறாங்களாம். எனக்கும் ரெஸ்யூம் போட்டுக் குடேன். கடைய மட்டும் போடாத, கேவலமா இருக்கும்."

ரொம்ப நல்லதாகப் போயிற்று என்றுதான் முதலில் நினைத்தேன். எனக்குச் சோறு போட்ட வரி அது. என் இடத்தில் நிற்கிறவருக்கு அதையும் தூக்கிக் கொடுக்க எனக்கு மனசே வரவில்லை. ஆனாலும் எம்மாவின் ஐஸ்கிரீம் கண்முன்னே வந்து நின்றது. நேற்று மதிய இடைவேளையில் அண்ணியை வீடியோவில் கூப்பிட்டேன். அங்கே பௌர்ணமி, சாயங்காலம். போனை வெல்ல டப்பாமேல் சாய்த்து வைத்தார். அவருக்குப் பின்னால் வெறுங்காலோடு ஜனம் போய்க்கொண்டிருந்தது.

"அண்ணி, கடையத்தான் மொதல்ல போட்டிருக்கேன்."

"ஐயையோ, கேவலமா இருக்காது?"

"யாருக்கு அண்ணி கேவலம்?"

அவர் பதில் சொல்வதற்குள் யாரோ வந்து நின்று, "சுக்குக் காபி இருக்காம்மா?" என்றார்.

"இருக்குங்க, எத்தன?" என்றேன் நான்.

இங்கே பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அங்கே அந்த ஆள் குரல் வந்த இடத்தைத் தேடிவிட்டு, "ரெண்டு" என்றார். அண்ணி சிரித்துக்கொண்டே இரண்டு கப்பை எடுத்து நீட்டினார்.